கேசட் காது

"மாத்திப் போட்டிருக்க," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "லெஃப்ட் ரைட்டுல இருக்கு."

அவன் ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினான். பக்கத்தில் நின்ற நர்ஸ் அசந்துபோனாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை, நாடி கைக்கு அகப்படுவதே கஷ்டமாக இருக்கிறது, இந்த நிலைமையிலும் பெரியவருக்குக் காது என்ன காது என்று வியந்தாள். அம்மா பெருமையோடு தலையாட்டினாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டிருந்தது எண்பது வருஷத்துக்கு முந்திய ஸ்விங் ஜாஸ் இசைத்தட்டு. ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பதிவுசெய்தது. அதில் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. இரண்டு காதிலும் ஒரே சாக்ஸபோன்தான் கேட்கும். ஒயர் இடது தோளில் விழாமல் வலது தோளில் விழுந்ததை வைத்துக் கிழவர் கண்டுபிடித்திருக்கிறார். சாகக் கிடக்கும்போதும் வித்தை காட்டாமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு என்று ஒன்று அவருக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா முப்பது வருஷம் வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு இசைப் பத்திரிகையில் மாதாமாதம் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதினார். அவர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் கடைகளில் தட்டு தீர்ந்துபோகும். சுமார் என்று எழுதினால் தூசி படியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். மாடி அறையில் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவனை மாடிக்குக் கூப்பிட்டார். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டார். ஒன்று ஒரிஜினல் தட்டு, இன்னொன்று அதிலிருந்து எடுத்த கேசட். எது எது என்று சொல்லச் சொன்னார். அவன் கேசட்டைத் தட்டு என்றான். ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. அப்பா சிரிக்கவில்லை. "இவனுக்குக் காது இல்ல," என்று மட்டும் சொன்னார். அப்போது அவன் ஒரு ஹோட்டல் பேண்டுக்காரரிடம் சாக்ஸபோன் கற்றுக்கொண்டிருந்தான். இரவல் வாத்தியம், தப்புத் தப்பாக வாசித்தாலும் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தான். மறுநாள் அப்பாவே அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பேண்டுக்காரரிடம் வேறு, பையனை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஐந்து பேருக்கும் அவன் பெயர் கேசட். இன்றைக்கு ஐம்பத்தொரு வயது. பேரன் எடுக்கப்போகிற காலத்திலும் கேசட்தான்.

பழைய ஆல்பங்களைப் புதுப்பித்து வெளியிடும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாட்டைத் தொடுகிற வேலை இல்லை. ஃபைல்களுக்குப் பெயர், ஆண்டு, வாசித்தவர்கள் பட்டியல் எல்லாம் பிழையில்லாமல் போட்டு அனுப்புகிற வேலை. போன வருஷம் அந்தக் கம்பெனி ஒரு பழைய டெனர் சாக்ஸபோன்காரரின் பன்னிரண்டு ஆல்பங்களை ஹை-ரெஸ் என்கிற, ஒலி துளியும் குறையாத உயர்ந்த தரத்தில் கொண்டுவரப் போகிறது என்ற செய்தி அப்பாவின் காதுக்குப் போனது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் ஒன்று கேட்டார். வெளிவருவதற்கு முன்னால் தனக்கு வேண்டும் என்றார். உத்தரவு போடுகிற மாதிரிதான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

அவன் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் கொடுத்தது ஹை-ரெஸ் இல்லை. செல்போனில் கேட்பதற்காக நசுக்கிச் சுருக்கிய மட்டமான ஃபைலை எடுத்து, ஊதிப் பெரிதாக்கி, ஒரிஜினலின் பெயரை ஒரு புள்ளிகூடப் பிசகாமல் போட்டுக் கொடுத்தான். பிளேயரின் சின்னக் கண்ணாடித் திரையில் ஹை-ரெஸ்ஸுக்கு உரிய எண் ஜம்மென்று தெரியும். உள்ளே இருப்பது சக்கை.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கண்ணோரம் ஈரமானது. "அந்த ஆளு வாசிக்கிறதுக்கு முன்னாடி உதட்டை நனைச்சுக்கிறது கேக்குதுடா," என்றார். அவன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தான். எட்டு மாதம், பன்னிரண்டு ஆல்பம். ஒவ்வொரு தடவையும் அவருடைய காதில் பூச்சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான். படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா ஆள் வைத்து எழுதச் சொல்லி அந்தப் பன்னிரண்டையும் பற்றிப் பத்திரிகைக்கு நீளமாக ஒரு கட்டுரை அனுப்பினார். எந்த இடத்திலும் மகன் கொடுத்தது என்று இல்லை. அதுவும் பழைய கணக்கோடு சேர்ந்துகொண்டது.

புத்தி தெளிவாக இருக்கும்போது சொல்ல வேண்டும், சொன்னது புரிய வேண்டும், புரிந்தது முகத்தில் தெரிய வேண்டும். அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும் என்று அவன் இத்தனை நாள் காத்திருந்தான். காத்திருந்ததில் நேரம் இவ்வளவு நெருங்கிவிட்டது.

மூன்று மணிக்கு நர்ஸ் சாப்பிடப் போனாள். தங்கை மருந்து வாங்கப் போனாள். அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஹெட்போனை அப்பாவின் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் குனிந்தான்.

"அப்பா. நான் குடுத்த பன்னெண்டும் டூப்ளிகேட்."

அப்பா கண்ணைத் திறந்தார். பார்வை தெளிவாகத்தான் இருந்தது.

"என்ன?"

"டூப்ளிகேட். செல்போன்ல கேக்கற மட்டமான ஃபைல். அதைக் கேட்டுத்தான் அழுதீங்க."

"கேக்கலடா," என்றார் அப்பா. "சத்தமாச் சொல்லு."

ஊருக்கெல்லாம் காது வைத்திருந்த மனுஷனுக்கு, பெற்ற பிள்ளை சொல்வது மட்டும் கேட்கவில்லை. கத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சுவர் தள்ளி அம்மா இருந்தாள். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, தூக்கிப் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்து குனிந்து, அப்பா என்றான். இன்னொரு தடவை அப்பா என்றான். கழுத்தில் கிடந்த ஹெட்போனில் சாக்ஸபோன் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு மட்டும் இல்லை.

தப்பித்துவிட்டார். அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். கட்டில் சட்டத்தில் ஓங்கிக் குத்தினான், கை விரல் தோலுரிந்தது. சத்தம் கேட்டு அம்மா கதவை இடித்தாள். மருந்தோடு வந்த தங்கை அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் இப்படி உடைந்துபோவான் என்று தான் நினைக்கவே இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மறுநாள் காலை அப்பாவை வைத்த பெட்டி கீழே கூடத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு வண்டி வரும். பல் டாக்டரும் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கும் மற்ற மூன்று பேரும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. மெக்கானிக்குக் கைத்தடி வந்திருந்தது. அப்பாவின் கட்டுரை அடுத்த இதழில் அட்டைப்படத்தோடு வரப்போகிறது என்று பல் டாக்டர் சொன்னார். கடைசி எட்டு மாதம் கேட்டதைப் போலத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்று அப்பா அவரிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி மாடியில ஒரு பாட்டு கேட்டுட்டு வரோம், கேசட்டு. அதான் அவருக்கு மரியாதை," என்றார்.

அவன் ஐந்து பேரையும் பார்த்தான். பெரியவர் போனால் போகட்டும், சிரித்தவர்கள் ஐந்து பேரும் முழுசாக இருக்கிறார்கள். ஒரிஜினல் ஹை-ரெஸ் அவன் சட்டைப் பையில் பென் டிரைவில் இருந்தது. அப்பாவிடம் நிரூபிக்க வேண்டிவரும் என்று ஒரு வாரமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தான்.

மாடியில் பென் டிரைவைப் பிளேயரில் செருகினான். செருகியதைத் தன் வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் பெட்டி அது, அவன் கொடுத்த போலியும் அதற்குள்தான் இருந்தது. ஒரு நிமிஷத்தில் கண்ணாடியில் ஒரே பெயர் மேலும் கீழுமாக இரண்டு வரியில் வந்தது. டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டான்.

"ரெண்டுல ஒண்ணு ஒரிஜினல். இன்னொண்ணு நான் ஊதிப் பெருசாக்கின மட்டம். எது எதுன்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் ஒண்ணு சொல்றேன்."

சாவு வீட்டில் இது என்ன பரீட்சை என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. அப்பா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து பேரும் முறைவைத்து நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். அதைப் போடு, இதைப் போடு, மறுபடி முதலாவதைப் போடு என்றார்கள். சாக்ஸபோன் நுழைகிற இடத்தில் பல் டாக்டர் கையை உயர்த்தினார். "இதான் ஒரிஜினல். மூச்சு கேக்குது பாருங்க." மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை, அதில் பித்தளையின் கனம் இல்லை, மற்றதில்தான் இருக்கிறது என்றார். இருவருக்கும் கைகலப்பு வராத குறை.

இதோ வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வயிற்றில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. இதைக் கேட்டுத்தான் உங்கள் ஆள் கண்ணீர் விட்டார், இதைப் பற்றித்தான் அட்டைப்படத்தோடு கட்டுரை வருகிறது என்று சொல்வதற்காக, போலியைத் தொட்டுக் காட்டக் கண்ணாடியைப் பார்த்தான்.

எது போலி?

மேல் வரி போலி, கீழ் வரி ஒரிஜினல் என்று மனதில் வைத்திருந்தான். ஆனால் கடைசியாக ஓடியதை மேலே ஏற்றிக்கொள்கிற பழக்கம் அந்தப் பெட்டிக்கு இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டதில் இரண்டும் எத்தனை முறை இடம் மாறின என்று கணக்கில்லை. பெயரில் வித்தியாசமில்லை, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அவனே போட்ட பெயர். எண்ணும் அதேதான். பிழையே இல்லாமல் வேலை செய்துவிட்டான்.

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான். கேட்டால் தெரிந்துவிடப் போகிறது. தானே நசுக்கியது தனக்குத் தெரியாதா. "எந்திரிங்க," என்று மெக்கானிக்கை எழுப்பிவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தான். மேல் வரியை அழுத்தினான். டிரம்ஸ் மெதுவாகத் தட்ட, ஆள் உதட்டை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கீழ் வரியை அழுத்தினான். ஆள் உதட்டை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதே மூச்சு, அதே தளர்ந்த நடை, முடிக்கும்போது அதே நடுக்கம். மறுபடி கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பழைய தட்டிலேயே இவ்வளவுதான் இருந்ததோ, இல்லை தனக்குத்தான் எட்டவில்லையோ, அதுவும் தெரியவில்லை. காது மடல் சூடேறியது. ஐந்து பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்வையில் சிரிப்பில்லை. பத்தொன்பது வயதில் அவன் ஏங்கிய பயபக்தி இருந்தது.

"சொல்லு, கேசட்டு," என்றார் பல் டாக்டர், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். "எது?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவனுக்குக் காது இல்லை என்று அன்றைக்குச் சொன்ன அப்பா பிழைத்துக்கொள்வார். இவ்வளவு சீக்கிரம் அவரைப் பிழைக்கவிட அவனுக்கு மனமில்லை. போலி இது என்று சொல்லலாம். இவர்கள் ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு அவனிடம் ஒன்றுமில்லை.

"கீழ இருக்கறது ஒரிஜினல்," என்றான். குரல் பிசிறில்லாமல் வந்தது.

மெக்கானிக் கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். தான் அப்போதே சொன்னது அதுதான் என்றார். பல் டாக்டர் குனிந்து இன்னொரு முறை கீழ் வரியைப் போடச் சொல்லிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஆமா," என்றார். "இப்ப தெரியுது. மன்னிச்சுக்கப்பா. அன்னைக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சிருக்கக் கூடாது." அவன் தோளில் கை வைத்தார். "அப்பாவோட காது அப்படியே உனக்கு."

சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது. எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒண்ணு சொல்றேன்னியே, என்ன அது என்று மெக்கானிக் கேட்டார். அவன் ஒன்றுமில்லை என்றான்.

கீழேயிருந்து தங்கை கூப்பிட்டாள். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, தூக்க நாலு பேர் வேண்டும் என்றாள். அவன் பிளேயரை அணைத்துவிட்டு இறங்கினான். கூடத்தில் மூன்று பேர் ஏற்கெனவே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைமாட்டில் ஒரு பக்கத்தை அவனுக்கென்று விட்டிருந்தார்கள். அவன் தோலுரிந்த கையை அடியில் கொடுத்துத் தூக்கினான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.