நாற்பத்தொரு பிழைச் செய்திகள்

சலவைக்கடைகளுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறேன். எழுதுவது நான். விற்பது மச்சான், என் மனைவியின் அண்ணன். தப்பாக எதையாவது அழுத்தினால் திரையில் வரும் வாசகங்களை எழுதியது என் மனைவி. நான் 'பிழை 14' என்று போட்டிருந்தேன். "இதைப் படிச்சு எவன் திருந்துவான்?" என்று நாற்பத்தொன்றையும் அவளே எழுதினாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

பன்னிரண்டு கடைகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், ஒரு கடையில் மட்டும் ஒரு மாதம் இலவசமாக ஓட்டவிட்டு, முடிவு சொல்ல என்னையும் மச்சானையும் அந்தக் கடைக்குக் கூப்பிட்டார். இது அமையாவிட்டால் நான் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

கவுண்டரில் வேலை பார்க்கும் அக்காவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு முதலாளியே உட்கார்ந்தார். இரண்டு பேண்ட்டைப் பதிந்தார். திரும்பக் கொடுக்கும் நாளாக நேற்றைய தேதியைப் போட்டார்.

'நேத்தே குடுக்கணும்னா முந்தாநாளே வாங்கியிருக்கணும் சாமி' என்றது திரை.

தேதியைத் திருத்தினார். வாடிக்கையாளர் பெயரை விட்டுவிட்டார்.

'பேண்ட் தானா நடந்து வந்துச்சா?'

அக்கா இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"முதலாளியையே நக்கல் பண்ணுதே! யாருங்க எழுதினது?"

"என் தங்கச்சி" என்றார் மச்சான்.

"மாத்தச் சொல்லுங்க."

"அவ மாத்தமாட்டா."

"அவ்வளவு பிடிவாதமா?"

"இப்ப ரொம்ப."

"மரியாதையான வார்த்தையா மாத்திக் குடுங்க. பன்னெண்டு கடைக்கும் வாங்கிக்கறேன்."

மச்சான் என் காதருகே குனிந்தார். "மாத்திடு மாப்ள. வெறும் எழுத்துதானே." என் முகத்தைப் பார்க்கவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். முதல் வரியை அழித்து, 'தேதி தவறு. சரிபார்க்கவும்' என்று அடித்துக் கடைக் கணினியில் ஏற்றினேன். அக்காவை அதே தப்புத் தேதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் முதலாளி.

அக்கா படித்தார். "அந்தப் பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"உள்ள இருந்து திட்டுமே, அதுதான். தேதி தவறாம்! இதுக்கு எனக்கு நோட்டே போதும்."

"மெஷின் கூடவா உனக்குப் பேச்சு?"

"வேற யாரு இங்க என்கிட்ட பேசறாங்க?"

பழைய வரியைத் திரும்ப வைத்தேன்.

"மாத்த முடியாதுங்க" என்றேன். அந்தக் கடையில் நான் பேசியது அவ்வளவுதான்.

முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்ப இந்த ஒரு கடைக்கு மட்டும். அதுவும் இவ தொல்லை தாங்காம."

திரும்பும் வழியெல்லாம் பைக்கில் மச்சான் திட்டிக்கொண்டே வந்தார். "கைக்கு வந்த பதினோரு கடையைக் கோட்டை விட்டுட்டியேடா மாப்ள."

சிக்னலில் நின்றதும், "நாப்பத்தொண்ணையும் எனக்கு அனுப்பு" என்றார்.

"எதுக்கு?"

"விக்கறவன் எங்க படிச்சுப் பாக்கறான்? எனக்கு இன்னிக்குப் பாத்த ரெண்டுதான் தெரியும்."

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.