பச்சைக் கழுத்துப் போத்தல்

வான் வண்டியின் கதவைத் திறந்ததுமே ஸெய்னுதீன் இரண்டடி பின்னால் பாய்ந்தான்; நேற்று மாலையைவிட நாற்றம் ஏறியிருந்தது. சீ, அதுவும் ஒரு வானா! உள்ளே இருந்த சின்னக் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் பழசான கணவாய் மீன் அழுகி, கறுப்பாக ஒழுகி, கட்டில் மெத்தை வரைக்கும் போயிருந்தது. நிலாவெளிக் கடற்கரைக்கென்று வாடகைக்கு எடுத்த வெள்ளைக்காரச் சோடி அப்படியே விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டதாம். ஓடாமல் என்ன செய்யும்?

வான் அருளம்பலம் மாஸ்டருடையது. பென்சன் எடுத்த கையோடு, ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன்காரனிடம் வாங்கியது. படுக்கக் கட்டில், கை கழுவத் தொட்டி, கட்டிலுக்குக் கீழே தனியாக ஒரு பற்றரி. வான் ஓடும்போது அது சார்ஜ் ஏறும். வான் நிற்கும்போது விளக்கும் குளிர்ப்பெட்டியும் அதில் ஓடும். ஆனால் பத்து நாளாக, மாலையில் நிரம்பியிருந்த பற்றரி விடியும்போது செத்துக் கிடந்தது. ஸெய்னுதீன் மூன்று முறை தன் பற்றரிக் கடைக்குக் கொண்டுபோய், கடைப் பையனைக் கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டான்.

மாஸ்டர் சும்மா இருந்தாரா? திருகோணமலையில் ஒரு தேத்தண்ணிக் கடை விடாமல் ஏறி இறங்கினார். "ஸெய்னுதீன் என்ரை புதுப் பற்றரிக்குள்ள இருந்த ஈயத் தகட்டைக் கழட்டிப்போட்டுப் பழசைப் பூட்டிட்டார்" என்று சொல்லி வைத்தார். வாயா அது! கதை நிக்கலஸின் காதுக்கும் போயிற்று. மூதூருக்குச் சனம் ஏற்றி லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகுகள் விடும் நிக்கலஸ். அவருடைய பற்றரிகள் வந்தால்தான் ஸெய்னுதீன் வீட்டில் அடுப்பு எரியும். பிழை யாருடையது என்று பார்க்க அவரே இன்றைக்குச் சாம்பல்தீவில் மாஸ்டரின் வீட்டு வளவுக்கு வந்து, வேப்பமர நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ட பிழையெண்டா நாளைக்கே கடைக்குப் பூட்டு" என்று அவர் முன்னால் ஸெய்னுதீன் நெஞ்சில் அடித்துச் சொல்லியிருந்தான்.

பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. டைனமோ ஒழுங்காக மின்சாரம் தந்தது. வயரில் ஓரிடத்திலும் உரசல் இல்லை. வானில் ஏதோ ஒன்று இரவில் சார்ஜைக் குடிக்கிறதோ என்று பார்க்க, முந்தின மாலையே பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றி, மாஸ்டரின் கண் முன்னாலேயே நூலால் கட்டிவிட்டுப் போயிருந்தான். நூல் அப்படியே இருந்தது. பற்றரி செத்திருந்தது. அப்படியென்றால் வானில் பிழை இல்லை. பற்றரி தன்னைத் தானே தின்கிறது.

மூச்சை அடக்கிக்கொண்டு மூடிகளைத் திருகினான். உள்ளே அசிட் துருத் தண்ணீராய்ச் சிவந்து கிடந்தது.

"எந்த மூதேவிடா இதுக்குள்ள கிணத்துத் தண்ணி ஊத்தினது?" என்று சீறினான். கருவிப் பையோடு பின்னால் நின்ற ஆதம்பாவா, கடையில் வேலை செய்யும் அவனுடைய மனைவியின் தம்பி, பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

ஸெய்னுதீன் கட்டிலுக்குக் கீழே கையை விட்டான். கணவாய்ச் சேறு விரலில் பிசுபிசுத்தது. இரண்டு போத்தல்கள் உருண்டு வந்தன. கழுத்தில் பச்சைப் பெயின்ற். அவனுடைய கடையில் விற்கும், காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர்! அந்தப் பச்சையை அவனே தூரிகை பிடித்துப் பூசியிருந்தான். ஒரு போத்தலின் அடியில் செம்மண் நிறத்தில் படிவு கிடந்தது.

"ஆதம்பாவா, இந்தத் தண்ணி எங்கால?"

"கோவிக்காதீங்க மச்சான். ஆவி வடிக்கிற கேத்தல் குழாய் வெடிச்சிட்டுது. மழையில விறகும் ஈரம். கன்னியாவில அள்ளிக்கொண்டு வந்து போத்தல்ல அடைச்சன். பத்து நாளைக்கு முந்தி இங்க வந்து இதுக்கு ஊத்தினன்."

"கன்னியாவிலயா?"

"அது அல்லாஹ்வே காய்ச்சி வச்சிருக்கிற தண்ணிதானே மச்சான்? நாம வேற ஏன் காய்ச்ச?"

ஊரே தலை முழுகுகிற, மண்ணும் இரும்பும் கலந்த வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர்! சுட்டால் போதுமாம், சுத்தமாம்! ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை நாறியதால் அறையவில்லை.

"வேற ஆருக்கு ஊத்தினாய்?"

"ஒரே ஒரு ஆளுக்கு. நேத்து, நிக்கலஸ் அண்ணன்ட நாலு மணி லோஞ்சுக்கு."

வெளியே மாஸ்டர் இருமினார். ஸெய்னுதீன் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒரு போத்தலைக் கருவிப் பைக்குள் தள்ளியும் விட்டான். மற்றதையும் தள்ளிவிட்டு, பற்றரியே மோசம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? லோஞ்சுக்கு நாளைக்கு இரகசியமாக வேறு அசிட் மாற்றிவிடலாம். நாளைக்கு. இன்றைக்கு நாலு மணிக்கு அறுபது எழுபது சனம் ஏறும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். குடாவுக்கு நடுவில் எஞ்சின் நின்றால் திரும்பப் பிடிக்காது, விளக்கும் எரியாது. த்தூ, இதையும் யோசித்தேனே என்று தன்மேலேயே அருவருப்பு ஏறியது.

பையிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு, இரண்டையும் கையில் பிடித்தபடி வெளியே இறங்கினான்.

"பிழை என்ட கடைத் தண்ணியிலதான். மாஸ்டர், உங்களுக்குப் புதுப் பற்றரி நான் தாறன்."

"நான் அப்பவே சொன்னனான்!" மாஸ்டரின் முகம் பூரித்துப் போனது. தகட்டுக் கதை பொய்யானது பற்றி அவருக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை.

ஸெய்னுதீன் அவரைப் பார்க்கவில்லை. "நிக்கலஸ் அண்ணன், இதே தண்ணிதான் உங்கட நாலு மணி லோஞ்சுக்கும் ஊத்தியிருக்கு. லோஞ்சைத் துறையில இருந்து எடுக்க விடாதேங்கோ."

நிக்கலஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றே கால். சைக்கிளை இழுத்தெடுத்து ஏறினார்.

"இனி என்ட பற்றரி ஒண்டும் உங்கட கடைக்கு வராது" என்றார்.

"ஓம், வரவேணாம். கெதியாப் போங்கோ!"

சைக்கிள் படலையைத் தாண்டியது. ஆதம்பாவா கிட்ட வந்து, காதோடு காதாகக் கேட்டான்: "போத்தலை ஒருத்தரும் காணல்லையே மச்சான். பிறகேன் சொன்னீங்க?"

ஸெய்னுதீன் இடுப்பிலிருந்து கடைத் திறப்புக் கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தான்.

"போய்க் கடையைப் பூட்டு. அதுவரைக்கும் வாயைத் திறக்காத. அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்த மாதிரி நாறுது."

பிறகு தன் விரல்களை மோந்து பார்த்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கை கழுவச் சவர்க்காரம் கேட்டான்.