ஆடத் தெரியாத ஐந்தாவது பெண்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் என் கணவர், பல் மருத்துவர். எழுதாதே என்று கெஞ்சியவர் என் அண்ணன். இருவர் பேச்சையும் தட்டாமல் கொஞ்சம் எழுதி, கொஞ்சம் அடித்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'அவர் கண்களில் ஒரு தீராத ஏக்கம்...'

(அடித்தாயிற்று. ஏக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கணவர் ஜப்பானியக் கார்ட்டூன், அதாவது அனிமே, பார்த்துக்கொண்டிருந்தார்.)

ஐந்து பெண்கள். மேடையேறிப் பாடினால் உடை மாறும், மந்திரம் பிறக்கும், அரக்கர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். இதுபோல ஆயிரம் தொடர்கள் இருக்கலாம். ஆனால் இதில் ஐந்தாவது பெண்ணுக்கு ஆட வராது. யாரும் அவளைத் திருத்தவும் மாட்டார்கள். அவள் இடறும் இடம் பார்த்து மற்ற நால்வரும் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்வார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் மூக்கை உறிஞ்சுவார். எனக்குக் கொட்டாவி வரும்.

(தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களெல்லாம் பார்த்துவிட்டால், யாரும் சீண்டாத தொடர் என்ற அதன் ஒரே பெருமையும் போய்விடும்.)

2

அண்ணன் லாரி கம்பெனி முதலாளி. "பொம்மைப் படம் பாக்குற ஆளுக்கா பொண்ணக் குடுத்தோம்!" என்று இன்றுவரை அங்கலாய்ப்பவர். ஒரு நாள், கன்னம் பூசணிக்காயாய் வீங்கியிருந்த அவரை நான்தான் இழுத்துக்கொண்டு போய் என் கணவரின் மருத்துவ நாற்காலியில் சாய்த்தேன். ஊசியைப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டார்.

"சீழ் கோத்திருக்கு மச்சான். விட்டா காய்ச்சல் ஏறிடும். திறங்க."

"ம்ஹும்."

(இங்கே கணவரை வீரராகக் காட்டி ஒரு பத்தி இருந்தது. அவரே படித்துவிட்டுச் சிரித்தார். போயிற்று.)

கணவர் கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் வேறு வழி தெரியாமல் அந்தத் தொடரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரக்கன் நால்வரின் குரலையும் பறித்துவிட்டான். மிச்சம் ஐந்தாவது பெண்தான். ஆடுகிறாள், விழுகிறாள், விழுந்த இடத்திலிருந்தே பாடுகிறாள். அடிக்க ஓங்கிய கையை அரக்கன்...

வாயைப் பிளந்து கதை கேட்பது என்று சொல்வோமே, அண்ணன் அதை அப்படியே செய்தார். ஊசி இறங்கியது. பல் வந்தது.

3

"ஓங்குன கைய என்ன பண்ணான்?" பஞ்சைக் கடித்தபடி கேட்டார் அண்ணன்.

"தெரியாது மச்சான். யாரும் பாக்கலைன்னு தொடரை அதோட நிறுத்திட்டாங்க."

"எவன் நிறுத்துனது?" நாற்காலி அதிர்ந்தது. "முடிவு தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் எழுதுகிறவள் நான்தானே.

முடிவு ஒன்று: அரக்கன் மனம் திருந்தி... ("சினிமாத்தனம்" என்றார் அண்ணன்.)

முடிவு இரண்டு: அவள் ஒருவழியாக ஆடக் கற்றுக்கொண்டு...

"கத்துக்கவே கூடாது!" கத்தியவர் என் கணவர். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"மாப்ள சொல்றதுதான் சரி" என்றார் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயில் வராத வாக்கியம். "விழுந்து எந்திரிக்காமப் பாடுனா பாரு, அதான் பாட்டு. உனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை, சரி. உங்களுக்கு ஏதாவது முடிவு தோன்றினால் சொல்லுங்கள். சீக்கிரம். வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருப்பதோ ஒரே நாற்காலி.