எட்டுப் படங்களில் ஒரு நடை

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பழைய படங்களை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்துவது ஜென்சியின் வேலை. பிறவியிலேயே அவளுக்கு இடது கால் குட்டை. தான் நடப்பதை யாரும் பார்க்காமலிருக்க முப்பத்திரண்டு வயதுக்குள் பல வழிகள் கண்டுபிடித்திருந்தாள். கல்யாண வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

சென்ற டிசம்பரில் காலேப் என்ற கல்லூரி நூலகர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே கண்ணாடித் தகடுகளில் எடுத்த நெகட்டிவ்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர், உடம்பு எப்படி அசைகிறது என்று ஆராய எடுத்தவை. குனிகிறவர், குடம் தூக்குகிறவர், படி ஏறுகிறவர். ஓவியம் போலிருக்கின்றன என்று சேலையூரில் ஒரு ஹாலில் கண்காட்சி வைக்க ஆசைப்பட்டார் காலேப்.

நாற்பத்தொன்று என்று எண்ணிட்ட உறையில் எட்டுக் கண்ணாடிகள். எட்டிலும் ஒரே பெண், புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கும் இடது கால் குட்டை. குறிப்பேட்டில் கால்களின் அளவு இருந்தது, பெயர் இல்லை.

ஜென்சி எட்டையும் ஸ்கேன் செய்து திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். தோள் இறங்குகிறது. இடுப்பு வளைகிறது. வலது கை மெல்ல எழுந்து உடம்பைச் சமன் செய்கிறது. விழப்போகிறாள் என்று தோன்றும்போது அடுத்த அடி வந்துவிடுகிறது. தன் நடை இப்படியா இருக்கிறது? வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது மட்டும் வேணாம் ஜென்சி," என்றார் மறுநாள் வந்து பார்த்த காலேப், தயக்கத்தோடு. "பார்க்கிறவங்க ஐயோ பாவம்னுதான் சொல்வாங்க."

"ஒண்ணை மட்டும் வெச்சா சொல்வாங்க சார். எட்டையும் பெருசா, வரிசையா வைங்க. அவங்க நடந்து முடிக்கட்டும்."

காலேப் மறுபடி திரையைப் பார்த்தார். "சரி. பெரிய சுவரை நீங்களே எடுத்துக்கோங்க."

ஒரு வாரம் ஹாலில் நின்று ஜென்சி படங்களை மாட்டினாள். 'நடக்கும் பெண். பெயர் தெரியவில்லை' என்று கீழே எழுதினாள்.

திறப்பு நாள் காலையில், ஹாலைப் பெருக்கும் பச்சையம்மா துடைப்பத்தோடு அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாமா, இந்தம்மா டான்ஸ் ஆடுதா?"

"நடக்கிறாங்க அக்கா. கால் குட்டை. எனக்கும் இப்படித்தான்."

"தெரியும்மா. ஒரு வாரமா உன்னப் பாத்துகினுதானே கீறேன். சோக்கா கீது."

ஜென்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று வந்தவர்களை முதல் படத்திலிருந்து எட்டாவது வரை அவளே கூட்டிக்கொண்டு போனாள், திரும்பத் திரும்ப. பாவம் என்று ஓரிருவர் சொல்லத்தான் செய்தார்கள். அவர்களும் கடைசிப் படம் வரை வந்தார்கள். மாலையில் காலேப் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லவேளை, நீங்க என் பேச்சைக் கேட்கலை," என்றார்.

அந்த ஞாயிறு சர்ச் ஆராதனையில், கடவுளுக்கு நன்றியாக ஸ்தோத்திரம் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். ஜென்சி எழுந்தாள்.

"நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு அம்மா கேமரா முன்னால நடந்து காட்டினாங்க. அவங்களுக்காக ஸ்தோத்திரம்."

"அவங்க பேர் என்னம்மா?"

"தெரியாது பாஸ்டர்."

பாஸ்டர் கண்களை மூடி, பெயர் தெரியாத அந்தச் சகோதரிக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். சபை முழுவதும் ஆமென் என்றது.