வெர்லினின் இடது கை

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம், வெர்லினின் இடது கை முழங்கைக்குக் கீழே உறைபனி படிந்து வெளுத்தது. கரீபியன் தீவான டொமினிகாவின் ஆன்ஸ் பெல் ஊரில் அந்த வாரம் சூரை மீன் விலை ஏறியிருந்ததால் கையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாழைத் தோட்டத்தின் மற்றப் பெண்களுக்கும் அப்படியே ஆனது. வாழைத்தாருக்கு மாட்டும் பூச்சிமருந்து தடவிய நீலப் பைகளில் ரொட்டி மாவைப் பொதிந்து வைத்து, பல வருடம் பிள்ளைகளுக்குச் சுட்டுப் போட்டவர்கள் அவர்கள். இங்கே புற்றுநோய் ஏன் இப்படிப் பெருகுகிறது என்று ஆராய வந்தவர்கள், அவர்களுடைய ரத்தத்தைக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனார்கள். அங்கே குப்பிகள் உறைந்தன, இங்கே கைகள் உறைந்தன. முடிவு என்ன என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான்.

புருஷன்மார் கட்டிலில் வலப்பக்கம் மாறிப் படுத்தார்கள். கடைக்காரர்கள் இஞ்சிச் சாற்றைக் குளிரவைக்க இந்தப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அங்கே குப்பியை வெளியே எடுத்துச் சோதித்தால் இங்கே கை கரைந்து சொட்டியது. திரும்ப வைத்தால் உறைந்தது. ஒருமுறை சொட்டியவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். வெர்லினின் தங்கை ஃபிலோவுக்கு மூன்று முறை சொட்டியது. புற்று முற்றி, ஈஸ்டருக்கு முன் அவளைப் புதைத்தார்கள். வெர்லினின் கை மட்டும் சொட்டவேயில்லை. மார்பில் பட்டாணி அளவு கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல், கையே நல்ல செய்தி சொல்லட்டும் என்று காத்திருந்தாள். முட்டாள்தனம்தான். பயந்தவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

பிறகு புயல் வந்தது. கூரைகள் பறந்தன, மின்சாரம் போய் ஐந்து மாதம் திரும்பவில்லை. மற்றவர்களின் குப்பிகள் அதற்குள் தீர்ந்து கைகள் வெதுவெதுப்பாகியிருந்தன. நர்ஸ் இயாந்த், ஊரின் இன்சுலின் மருந்தையெல்லாம் துணியில் சுற்றி வெர்லினின் கையோடு சேர்த்துக் கட்டினாள்.

“அக்கா, இப்போ மட்டும் கரைஞ்சிராதீங்க. என் பையன் உசுரு உங்க கைலதான் இருக்கு.”

“நானா கரைக்கிறேன்? எடுத்துட்டுப் போனாங்களே, அந்தப் படிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லுடி.”

அந்தக் கை கரையக் கூடாது என்று தேவாலயத்தில் ஊரே மண்டியிட்டது. கரையவேண்டும் என்று வருடக்கணக்காக வேண்டிய வெர்லினும் அவர்களோடு மண்டியிட்டாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மின்சாரம் வந்த அன்று மதியம், இயாந்த் கடைசி மருந்தைக் குளிர்பெட்டிக்கு மாற்றிக் கதவை மூடினாள். வெர்லினின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

“முதல் தடவதானே, அதுக்கு ஏன் அழுறீங்க?”

“மார்ல கட்டி இருக்குடி.”

“எத்தன நாளா?”

“ஃபிலோ போனதுலருந்து. இன்னும் ரெண்டு தடவ சொட்டுதான்னு பாத்துட்டு...”

“அந்தப் படிச்சவங்க பாக்குற வரைக்கும் நாம ஏன்க்கா உக்காந்திருக்கணும்? ஆஸ்பத்திரிக்குப் போவோம், பஸ்ஸு நிக்குது, எந்திரிங்க.”

தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் கை நிற்காமல் சொட்டியது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். சீட்டு நனையக் கூடாது என்று அவள் காலடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.