யாரைத் திறந்தாலும் அண்ணன் கண்

ஒன்பதாயிரத்துச் சொச்சம் கண்களின் விலை மாதம் அறுநூறு. கண் கிளினிக்கின் படங்களை வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வைக்க, சர்வர் வாடகைக் கம்பெனி கேட்ட தொகை அது. கிளினிக்கின் கணக்கைப் பார்த்துக்கொண்ட அண்ணன், இருப்பது பத்திரமாகத்தானே இருக்கிறது என்று அதை வெட்டிவிட்டார். ஆனால் ஒரே அளவில் இரண்டு டிஸ்க் எடுத்தால் இரண்டாவதற்கு மூன்று மாதம் வாடகை இல்லை என்றதும் தலையாட்டினார். கொசுறு வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாத கை.

டிஸ்க் என்றாலும் தொட்டுப் பார்க்கிற பொருளல்ல. எங்கோ இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள் ஒண்டுக்குடித்தனம். அதை மேய்ப்பது தம்பியின் வேலை. ‘பி’ என்ற டிஸ்க்கில் நோயாளிகளின் விழித்திரைப் படங்கள். ‘சி’யில் குப்பை: புது மென்பொருளைச் சோதிக்க அண்ணனின் கண்ணைப் படமெடுத்து, ஒவ்வொரு நோயாளியின் எண்ணிலும் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தான்.

சலுகை முடிகிற அன்று அண்ணன் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சி-யைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நாளை முதல் முழு வாடகை. எது பி, எது சி என்று தம்பி காலையிலேயே பார்த்து வைத்திருந்தான். மதியம் கம்பெனிக்காரர்கள் ஏதோ பழுது பார்க்க இயந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பியது அவனுக்குத் தெரியாது. துடைக்கும் கட்டளையைத் தட்டினான். சி முழுக்கப் பூஜ்யங்கள் கொட்டத் தொடங்கின.

பக்கத்து அறையில் டாக்டரான அண்ணி ஒரு லாரி டிரைவரின் கண்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால்தான் இடது கண்ணுக்குள் இருக்கும் ரத்தக்கசிவு பழையதா, பரவுகிறதா என்று தெரியும். பரவுகிறதென்றால் உடனே ஊசி போட வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும். பழையதென்றால் அந்த ஊசியே ஆபத்து.

அண்ணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, யார் படத்தைத் திறந்தாலும் உங்கண்ணன் கண்ணுதான் வருது."

"நல்ல கண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணன்.

தம்பி திரையைப் பார்த்தான். பி-யைத் திறந்தால் குப்பை வருகிறது. அப்படியானால் இப்போது சி எது? அந்த எழுத்துகள் டிஸ்க்குகளின் சொந்தப் பெயரல்ல. இயந்திரம் விழிக்கும்போது முந்தி வந்து நிற்பதற்குக் கொடுக்கும் டோக்கன். இன்று நடுவில் எப்போதோ அது மறுபடி விழித்திருக்கிறது; குப்பை முந்திக்கொண்டு பி ஆகிவிட்டது, நோயாளிகளின் படங்கள் சி ஆகிவிட்டன. இரண்டும் ஒரே அளவு என்பதால் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

நிறுத்தும் விசைகளை அழுத்தினான். விரல் வழுக்கியது. இரண்டாம் முறை நின்றது.

"எவ்வளவு போச்சு?" அண்ணனின் குரலில் இப்போது வியாபாரம் இல்லை.

"தெரியல. யாரும் எதையும் தொடாதீங்க."

உள்ளே, தாடையைக் கருவியின் மேல் வைத்தபடியே டிரைவர் கேட்டார்: "டாக்டரம்மா, என் கண்ணு இருக்குங்களா?"



அழிந்த டிஸ்க்கைத் தோண்டிப் படங்களை மீட்க ஓர் ஆளைப் பிடித்தார்கள். அவன் கேட்ட கூலியை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அண்ணன் பேரமில்லாமல் கொடுத்தார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எத்தனை முறை எழுப்பினாலும் மாறாத நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. தம்பி இனி அதை வைத்தே கூப்பிடும்படி எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். எழுதியதை வாய்விட்டுப் படித்தான், அண்ணனையும் படிக்கச் சொன்னான்.

டிரைவர் தன் படம் கிடைத்ததா என்று தினமும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணனுக்குத் தோன்றியது.

தோண்டும் வேலை முடிந்ததும் அண்ணன் எண்ணிப் பார்த்து அண்ணியிடம் சொன்னார். இருந்தவை ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. மீண்டவை எட்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு. போனவை முந்நூற்று முப்பத்தேழு.

அண்ணி பெஞ்சைப் பார்த்தார். "அவரோடது?"

"வலது கண்ணு வந்துடுச்சு. இடது, போன கணக்குல."