முழங்கால் அளவு கடல்

கடல் பார்க்கப் போகலாம் என்று முதலில் சொன்னவள் ஷர்மின்தான். பி.எட். கடைசிப் பரீட்சை முடிந்து, விரலில் மை காயாமல், எட்டுப் பேரும் கல்லூரி வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆலப்புழைப் பக்கம் கடற்கரையிலேயே ஒரு ரிசார்ட் இருக்கிறதாம். அவளுடைய மாமா நூர் முகம்மது அந்த வழியில் வேன் ஓட்டுகிறவர். ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் உச்சிக்குள் புறப்பாடு.

"அலை ரூம் வாசல் வரைக்கும் வருமாம்டி" என்றாள்.

வீட்டில் போய் அதையே சொன்னதுதான் வினையாயிற்று. அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மே மாதம். சுனாமி வந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கடலைக் கண்ணால் பார்த்த அம்மாக்கள் குறைவு; டி.வி.யில் அது கரையேறி வந்ததைப் பார்க்காதவர்கள் ஒருவரும் இல்லை. "தண்ணிதானடி பாக்கணும்? வைகை அணைக்குப் போயிட்டு வாங்க. அங்கன இருக்கிறதும் தண்ணிதான்" என்று சாராளின் அம்மா ஒரே வாக்கியத்தில் கடலை மூடிவிட்டாள்.

சாராள் விடவில்லை. "வேல்விழி அக்கா கூட வந்தா விடுவீகளா?"

அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "அந்தப் புள்ள வருதா? அப்ப சரி."

ஏழு வீடுகளிலும் இதேதான் நடந்தது. கழுத்தில் தாலியும் வீட்டில் பிள்ளையும் உள்ள ஒருத்தி கூட வந்தால் நாலு போலீஸ்காரர் வந்த மாதிரி என்பது அம்மாக்களின் கணக்கு.

வேல்விழிக்கு முப்பது வயது. மற்ற ஏழு பேரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணமாகிச் சின்னமனூருக்கு வந்தவள். புருஷன் தங்கபாண்டி மேகமலை எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். மகள் இரண்டாம் வகுப்பு. அடுப்படியில் உட்கார்ந்து தபாலில் வந்த புத்தகங்களைப் படித்துப் பட்டம் வாங்கினாள் வேல்விழி. சந்தேகம் கேட்க ஒரு தோழி கிடையாது, வாத்தியாரைக் கேலி பண்ண ஒரு தோழி கிடையாது. பி.எட். வகுப்பில் பெஞ்சில் போய் உட்கார்ந்த முதல் நாள், பக்கத்தில் ஒருத்தியின் முழங்கை இடித்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்தப் பெண்கள் அவளை அக்கா ஆக்கிவிட்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. சோற்றுப் பாத்திரத்தில் அவளுக்குத்தான் முதல் பங்கு. அவள் வந்தால் மட்டும் பேச்சு சட்டென்று நிற்கும், சிரிப்பு துப்பட்டாவுக்குள் போகும். வகுப்புப் போட்டோ எடுத்த அன்று எல்லோரும் தோளில் தோள் சாய்த்து நிற்க, போட்டோக்காரர் அவளை மட்டும் மேடம்களோடு நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். பின்னால் ஏழு பேர் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரிப்பது முதுகில் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க வந்தாத்தான்க்கா எங்கள விடுவாக" என்று கெஞ்சினார்கள். 'நீங்களும் வாங்க' என்று யாராவது ஒருத்தி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் என்ன, கடல் எல்லோருக்கும் ஒரே கடல்தானே என்று வேல்விழி மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஏழு பேரோடு எட்டாவதாகக் கைகோத்து ஒரு தடவை அலையில் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

"போயிட்டு வா. புள்ளைய நானும் ஆத்தாவும் பாத்துக்கிடுறோம்" என்றான் தங்கபாண்டி. "நல்லா ஆசை தீரக் குளி. அங்கன போயும் யாருக்காவது தலை பின்னி விட்டுக்கிட்டு இருக்காத."

முற்பகலில் வேன் கம்பத்தில் நின்றபோது, அம்மாக்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லி மகள்களை அவளிடம் ஒப்படைத்தார்கள். ஒருத்திக்கு இளைப்பு, ஒருத்திக்கு மீன் ஆகாது. கடைசியாக வந்தவள் முருகம்மாள், தேவயானியின் அம்மா. குச்சனூர்க்காரி. மகளை வேனில் ஏற்றிவிட்டு வேல்விழியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இவளுக்குத் தண்ணியில கண்டம் இருக்கு தாயி. ஆவணி வரைக்கும். சாதகத்துல தெளிவா இருக்கு. இதுக்காகவே சனிக்கிழமை தவறாம எள்ளு தீபம் போடுறேன். கூட்டத்தோட போகட்டும், பாக்கட்டும். காலு மட்டும் கடல்ல படக் கூடாது. சத்தியம் பண்ணு."

முந்தானையில் முடிந்திருந்த திருநீறை எடுத்து வேல்விழியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். வேல்விழி சத்தியம் பண்ணினாள்.

போய்ச் சேர சாயங்காலமாகிவிட்டது. கடல் கறுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ரிசார்ட் காவலாளி, வயதானவர், விசில் ஊதிக் கையை ஆட்டினார். "இன்னு வேண்டா மோளே. நாளெ ராவிலெ." நாளைக் காலையில் இறங்கலாம் என்கிறார் என்று ஷர்மின் எல்லோரையும் அறைக்குள் விரட்டினாள்.

காலையில் கடல் சாதுவாகியிருந்தது. ஏழு பேரும் சுருளி அருவிக்குப் போகிற நினைப்பிலேயே சோப்பு டப்பா, ஷாம்பு, மஞ்சள் சகிதம் புறப்பட்டு வந்தார்கள். சாராள் தண்ணீருக்குள் நின்று கையில் சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்தாள். ஒரு பொட்டு நுரை வரவில்லை.

"ஏடி, எங்க கடை அண்ணாச்சி டூப்ளிகேட் சோப்பு குடுத்துட்டாருடி!"

"உப்புத் தண்ணிடி லூசு! பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சுக் கிழிச்சயே!" என்று ஷர்மின் கத்த, அலை வந்து இருவரையும் உருட்டிவிட்டது. கரையில் காவலாளிகூடச் சிரித்துவிட்டார்.

வேல்விழி மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு கைக்கடிகாரங்கள், நாலு சங்கிலிகள், வளையல்கள். பக்கத்தில் தேவயானி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த கண்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. நான் ஒரு நிமிசம் நனைச்சுட்டு வந்துர்றேன். எங்கம்மாட்ட யாரு சொல்லப் போறாக?"

"நான் சொல்லிருவேனே."

"அப்ப நீங்க போய்க் குளிங்க. நான் இந்தச் சாமானப் பாத்துக்கிடுறேன்."

"நான் எறங்கின மறு நிமிசம் நீ எறங்கிருவ."

தேவயானிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே கோபமும் வந்தது. "உங்களுக்கென்னக்கா, புருசன், புள்ளைன்னு எல்லாத்தையும் பாத்தாச்சு. ஆசைன்னு ஒண்ணு இருந்தாத்தான் எங்க கஷ்டம் தெரியும்."

வேல்விழி ஒரு வளையலை எடுத்து மற்ற வளையல்களுக்குள் செருகினாள்.

"ப்ளஸ் டூ முடிஞ்சப்ப எங்க கிளாஸும் கன்னியாகுமரி போச்சு" என்றாள். "எம் பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு. அந்த வாரம் பாத்து என்னப் பொண்ணு பாக்க வந்துட்டாக. பஸ்சு எங்க வீட்டு வழியாத்தான் போச்சு. ஹார்ன் அடிச்சுக் கையாட்டிட்டுப் போனாளுக. நான் சேலையக் கட்டிக்கிட்டுக் காப்பித் தட்டோட நின்னேன்."

தேவயானி மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். இப்போது இருவர் முகமும் கடலைப் பார்த்திருந்தது. ஏழு பேர் என்று போனவர்கள் அங்கே ஆறு பேராகக் கைகோத்து நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூச்சல்.

சத்தியத்தை மீறக் கூடாது. சரி. ஆனால் சத்தியம் வாங்கினவளிடமே போய்க் கேட்கக் கூடாது என்று எந்தச் சாமி சொல்லியிருக்கிறது? வேல்விழி எழுந்தாள். நகைகளை முந்தானையில் முடிந்துகொண்டு தேவயானியையும் கூட்டிக்கொண்டு ரிசார்ட் ஆபீசுக்குப் போனாள்.

முருகம்மாள் வீட்டில் போன் கிடையாது. அடுத்த வீடு ஞானபாக்கியம் டீச்சருடையது. அங்கே சொல்லி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரல், ஓடிவந்த குரல்.

"எம் மக இருக்காளா?"

அப்போதுதான் வேல்விழிக்கு உறைத்தது. கடற்கரையிலிருந்து ஒரு போன் என்றால் பெற்றவள் எதை நினைத்து ஓடிவந்திருப்பாள்! "இருக்கா யக்கா, இந்தா பக்கத்துலதான் நிக்கிறா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. தேவயானி ரிசீவரைப் பிடுங்கி, "அம்மா, நான்தாம்மா" என்றாள். முருகம்மாள் அழுது, திட்டி, மூக்கைச் சிந்தி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

வேல்விழி விஷயத்தைச் சொன்னாள்.

"நீ சத்தியம் பண்ணினயே தாயி?"

"அதான்க்கா உங்ககிட்டயே கேக்குறேன்."

"கேக்காம எறக்கிவிட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான் யக்கா."

மறுமுனையில் டீச்சர் வீட்டுச் சேவல் கூவுவது கேட்டது.

"நீ குளிச்சிட்டயா?"

"இல்லக்கா."

"ஏன்? உன்னை யாரு வேணாமின்னா?"

"நான் எறங்குனா இவ தனியா உக்காந்திருக்கணுமே."

ஒரு கொடிய கிரகத்தோடு வாரா வாரம் வாதாடுகிற பெண்மணி முருகம்மாள். எதை எதோடு நிறுத்துப் பார்த்தாளோ தெரியாது.

"முழங்காலு மட்டும். அதுக்கு மேல ஒரு விரக்கடை போகக் கூடாது. அவ கைய நீ பிடிச்சிருக்கணும், விடவே கூடாது. நீ எறங்காம அவ எறங்கக் கூடாது, கேட்டயா? நான் இப்பவே கோயிலுக்குப் போறேன். அவர்கிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

ஆண்டவன் கேட்டதைத் தருகிறான்; நாம் நினைத்த வழியில்தான் தருவதில்லை.

இருவரும் ஓட்டமாகக் கரைக்கு வந்தபோது மற்றவர்கள் ஏறி, தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். வேனடியில் நூர் முகம்மது ஹார்ன் அடித்தார். உச்சிக்குள் கிளம்பினால்தான் குமுளி மலைப்பாதையை வெளிச்சத்தில் இறங்க முடியும். ஷர்மின் இருவரையும் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வேல்விழியின் முந்தானை முடிச்சை அவிழ்த்து நகைகளைத் தன் துண்டில் வாங்கிக்கொண்டு, "மாமா, டயர் காத்து ஒருதடவ பாத்துருங்களேன்" என்று கத்தினாள்.

"காலையிலயே பாத்துட்டேன்மா."

"இன்னொருக்காப் பாருங்க மாமா!"

அந்தக் கால் மணி நேரம் அப்படிக் கிடைத்தது.

முதல் அலை கணுக்காலைத் தொட்டபோது வேல்விழி சேலையைத் தூக்கிச் செருக மறந்துபோனாள். இரண்டாவது அலை முழங்காலுக்கு வந்தது. திரும்பிப் போகையில் பாதத்துக்கு அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போனது. நின்ற இடத்திலேயே அவள் எங்கோ இழுபடுகிற மாதிரி இருந்தது. தேவயானி முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், ஏழெட்டு அலைக்குப் பிறகு கரையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

"போதும்க்கா, போவோம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்று வந்துபோனது. கரையில் எல்லோரும் கையசைத்துக் கூப்பிட்டார்கள். தூரத்தில் சற்றே பெரிதாக ஒன்று எழும்புவதைப் பார்த்து வேல்விழி அசையாமல் நின்றாள்.

"ஏய், பெருசா வருது, போதும் வாடி!" என்று தேவயானி கையைப் பிடித்து இழுத்தாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, வாய் தவறி..."

வேல்விழி காதில் விழாதது போல இருந்தாள். அந்த அலையையும் வாங்கிக்கொண்டு, பிடித்த கையை விடாமல், நனைந்த சேலை காலைத் தட்ட, மெதுவாகக் கரையேறினாள்.

திரும்பும் வழியெல்லாம் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து தூங்கினார்கள். வேன் கம்பத்துக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். முருகம்மாள் வெகு நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருப்பாள் போல. மகளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். நெற்றியில் திருநீறு பூசினாள். தேவயானி தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போன சமயம் பார்த்து, வேல்விழியின் அருகே வந்தாள். சத்தியத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று வேல்விழி நினைத்தாள்.

"அம்புட்டும் தண்ணியா தாயி?" என்று கேட்டாள் முருகம்மாள், மெல்லிய குரலில். "அக்கரையே தெரியாதாமே?"

"தெரியலக்கா."

"கால்ல பட்டப்ப எப்படி இருந்துச்சு?"

வேல்விழி அலை திரும்பும்போது காலடி மண் நழுவுவதைப் பற்றி மட்டும் சொன்னாள். பயமாகவும் இருக்கும், விட்டுவரவும் மனசு வராது என்றாள்.

முருகம்மாள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேன் கிளம்பி ஒதுங்கியது. அவள் நகரவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.